மூன்று மாடியும் ஒரு பேனாவும்

புதிதாகப் பயிற்றுநர்களாகச் சேர்ந்திருக்கும் தம்பி தங்கைமாருக்கு, விலகிப்போகிற கிழவி ஏதாவது எழுதிக் கொடுக்கவேண்டுமாம். நமது வலையமைப்பில் யாரும் யாருக்கும் கட்டளை இடுவதில்லை. அதனால் “நீங்கள் எழுதினால் நன்றாயிருக்கும் என்று சிலருக்குத் தோன்றுகிறது” என்று கடிதம் வந்தது. இருபத்தாறு வருடம் கம்பனியில் மாரடித்தவளுக்கு அது கட்டளைதான் என்று விளங்காதா? எழுதுகிறேன்.

நாற்காலிகளை வட்டமாகப் போடுவது, நேரத்தைப் பிரிப்பது, நிற அட்டைகளை எப்போது தூக்கச் சொல்வது எல்லாம் கையேட்டில் இருக்கின்றன. நான் அவற்றைத் திருப்பிச் சொல்லி உங்கள் பொழுதைத் தின்னப் போவதில்லை. எப்போது வாயை மூடிக்கொண்டு இருக்கவேண்டும் என்பது மட்டும் கையேட்டில் இல்லை. அதைக் கற்றுக்கொள்ள எனக்கு அறுபத்திரண்டு வயதாயிற்று. நீங்கள் அவ்வளவு காலம் எடுக்கத் தேவையில்லை.

என்னைத் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். நான் யாழ்ப்பாணத்துக்காரி, இருப்பது லண்டன் நோர்பரியில். மின்சாரப் பொருட்கள் விற்கும் கடைகளில் புதிதாகச் சேரும் பிள்ளைகளுக்கு விற்பனை பழக்குவது என் தொழிலாக இருந்தது. கெட்டில் வாங்க வந்த மனுசன் வாஷிங் மெஷினோடும் ஐந்து வருட உத்தரவாதத்தோடும் வீட்டுக்குப் போனால், அவனை அனுப்பிவைத்தவர் பெரும்பாலும் என்னிடம் படித்தவராக இருப்பார். நான் கெட்டிக்காரி. கம்பனி எனக்குப் பரிசாகத் தந்த வாக்குவம் கிளீனர்கள் மட்டும் மூன்று, கராஜில் இருந்தன. எங்கள் வீட்டில் தரைவிரிப்பே இல்லை.

ஓய்வுபெற்ற பிறகு ஒருநாள் அந்த மூன்றையும் பார்த்துக்கொண்டு நின்றபோது எனக்கு உண்மையாகவே வெட்கமாக இருந்தது. ஆட்களிடம் பொருளைத் தள்ளிவிடுவதைத் தவிர எனக்கு வேறு ஏதாவது தெரியுமா என்று என்னையே கேட்டேன். அந்த வருடம்தான் நமது வலையமைப்புக்கு விண்ணப்பித்தேன். உற்பத்தியும் பொருளும் இப்படிப் பெருகிக்கொண்டேதான் போகவேண்டுமா, போதும் என்று எங்கே நிறுத்துவது என்று ஆட்களோடு இருந்து யோசிக்கிற படிப்பு. டிகுரோத் என்று அதற்குப் பெயர் என்பதை விண்ணப்பப் படிவத்தில்தான் முதன்முதலாகக் கண்டேன்.

நேர்முகத்தில் நான் கேட்ட முதல் கேள்வி, “மாதத்துக்கு எத்தனை பேரை மாற்றவேண்டும்?” எதிரே இருந்த மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். அப்படி இலக்கு ஒன்றும் கிடையாது என்றார்கள். அப்படியானால் வேலையை நன்றாகச் செய்தோமா என்று எப்படித் தெரியும் என்று கேட்டேன். அதைத்தான் தாங்களும் பேசிக்கொண்டிருப்பதாகச் சொன்னார்கள். எத்தனை நாளாக என்றேன். ஏழு வருடமாக என்று பதில் வந்தது. எடுத்தார்கள்.

முதல் பயிற்சி பெல்ஜியத்தில் ஒரு பண்ணை வீட்டில். எனக்கு வழிகாட்டியாக வந்த போர்த்துக்கல் பெண்ணுக்கு இருபத்தொன்பது வயது, என் மகளிலும் இளையவள். பதினொரு பேர் கொண்ட குழுவோடு இருபது நிமிடம் பேசவேண்டும், வீட்டில் இருக்கும் எந்தப் பொருளை அயலவரோடு பகிரலாம் என்பதுதான் பேச்சு. எனக்கு இது தண்ணீர் பட்ட பாடு. பதினாறாவது நிமிடத்தில் பதினொரு பேரும், தங்கள் வாஷிங் மெஷினை அயல்வீட்டோடு பகிர்வதாகக் கையெழுத்து வைத்துவிட்டார்கள். நான்கு நிமிடம் மிச்சம். பேனாவை மூடிக்கொண்டு சுற்றிவரப் பார்த்துச் சிரித்தேன்.

வழிகாட்டி சிரிக்கவில்லை. “நீங்கள் அவர்களுக்கு விற்றுவிட்டீர்கள். திங்கட்கிழமை திருப்பிக் கொண்டுவருவார்கள்” என்றாள்.

திங்கட்கிழமை வரைக்கும் போகவில்லை. அன்று பின்னேரமே ஒரு டச்சுக்காரர் தயங்கித் தயங்கி வந்து, தன் கையெழுத்தை வெட்டிவிடலாமா என்று கேட்டார். அவரிடம் வாஷிங் மெஷினே கிடையாதாம்.

அடுத்த நாள் என்னைத் தனியே கூப்பிட்டு அவள் பேசினாள். “நீங்கள் கேள்வி கேட்டுவிட்டுப் பேசாமல் இருக்கிறீர்கள். அது நல்லது. ஆனால் கையில் பேனாவோடு இருக்கிறீர்கள்.” எனக்குச் சுரீர் என்றது. விலையைச் சொன்னபிறகு வாய் திறக்கக்கூடாது, முதலில் பேசுகிறவர்தான் தோற்பார் என்று எத்தனையோ பேருக்குச் சொல்லிக்கொடுத்தவள் நான். அவள் சொன்னாள்: “அது பொறிக்குப் பக்கத்தில் காத்திருப்பது. பேனாவைப் பைக்குள் வையுங்கள். பிறகு காத்திருந்து பாருங்கள்.” சின்னப் பெட்டை எனக்குப் புத்தி சொல்கிறாள் என்று ரயிலில் திரும்பி வரும்வரை மனதுக்குள் முணுமுணுத்துக்கொண்டுதான் வந்தேன்.

இறுதிப் பரீட்சை உங்களுக்குத் தெரிந்ததுதான். சொந்த ஆட்களிடையே ஒருநாள் பட்டறை நடத்தவேண்டும், வழிகாட்டி மூலையில் இருந்து பார்த்து எழுதுவார். தேறாவிட்டால் பயிற்றுநர் இல்லை. எனக்கோ, தேறாவிட்டால் மிச்சம் அந்த மூன்று வாக்குவம் கிளீனரும் கராஜும்தான்.

சொந்த ஆட்கள் என்றால் எனக்கு என் பள்ளிக்கூடத்துப் பழைய மாணவர் சங்கம், லண்டன் கிளை. ஊரில் எங்கள் பள்ளிக்கூடத்துக்கு எதிரே, ரோட்டுக்கு அந்தப் பக்கம் இன்னொரு பள்ளிக்கூடம் இருக்கிறது. அதற்கும் லண்டனில் ஒரு கிளை. அவர்கள் கணினி அறை கொடுத்தால் நாங்கள் பெரிய கணினி அறை கொடுப்போம். நாங்கள் மண்டபம் கட்டினால் அவர்கள் மேடையில் ஓடித்திறக்கும் திரை பூட்டுவார்கள். கடைசியாக அவர்கள் இரண்டு மாடிக் கட்டடம் ஒன்று எழுப்பிவிட்டார்கள். ஆகவே நாங்கள் மூன்று மாடி. இதற்குமேல் காரணம் எதுவும் கூட்டக் குறிப்பில் இல்லை.

தலைவர் அண்ணை ஓய்வுபெற்ற மருந்தாளர், எழுபது தாண்டியவர், பதினொரு வருடமாகத் தலைவர். கட்டடத்துக்கு அவருடைய தகப்பனார் குமாரசாமி மாஸ்டரின் பெயர் வைப்பதாக ஏற்பாடு. மாஸ்டர் அந்தப் பள்ளிக்கூடத்தில் வாழ்க்கை முழுக்கக் கணக்குப் படிப்பித்தவர். எனக்கும் படிப்பித்தார். நூற்றுக்கு முப்பத்தெட்டுப் புள்ளி போட்டார். அவர் செத்தபோது நாட்டு நிலைமையால் தலைவர் அண்ணைக்குப் போகக் கிடைக்கவில்லை. அந்தக் கட்டடம் அவருக்கு என்னவென்று எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

பட்டறைக்கு முந்திய வாரம் செயற்குழுவில் மூன்று பேர் எனக்குத் தனித்தனியே போன் பண்ணினார்கள். மூன்று பேரும் ஒரே வசனத்தைத்தான் சொன்னார்கள். “அக்கா, உந்த மூண்டு மாடி தேவையில்லாத வேலை. நான் சொன்னனெண்டு மட்டும் ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதேங்கோ.” எனக்கு உள்ளூரச் சந்தோஷம். மூன்று பேர் எழும்பிச் சொன்னால் போதும், மிச்சத்தைப் பட்டறை பார்த்துக்கொள்ளும் என்று நினைத்தேன்.

லூயிஷாமில் ஒரு தேவாலய மண்டபம், சனிக்கிழமை, காலை பத்து மணி என்று அறிவித்திருந்தேன். வழிகாட்டி ஒன்பதரைக்கே வந்துவிட்டாள். எங்கள் ஆட்கள் பதினொன்றேகாலில் இருந்து வரத் தொடங்கினார்கள். அவள் விமானம் ஏறாமல் ரயில் மாறி மாறி வந்தவள். தன்னுடைய தட்டையும் கோப்பையையும் பையிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். டூட்டிங் கடையில் இருந்து ரோல்ஸும் பட்டிஸும் வடையும் தட்டுத் தட்டாகக் கொண்டு வந்து இறக்கிக்கொண்டிருந்த செயலாளர் ரஞ்சி அதைக் கண்டு என் காதுக்குள் கேட்டாள்.

“என்னக்கா, அந்தப் பிள்ளை சொந்தத் தட்டோட வந்திருக்குது? எங்களப் பற்றி ஆரும் ஏதும் சொல்லிப்போட்டினமோ?”

“இல்லை ரஞ்சி, அது அவையின்ர வழக்கம்.”

“பாவம். ஒருத்தரும் சாப்பாடு குடுக்காத இடங்களுக்குப் போய்ப் போய்ப் பழகியிருக்கும்” என்று சொல்லி, நான்கு ரோல்ஸை அந்தத் தட்டில் வைத்துவிட்டுப் போனாள்.

முற்பகல் நன்றாகவே போயிற்று. இதுவரை பள்ளிக்கூடத்துக்குக் கொடுத்தவை எல்லாவற்றையும் பெரிய தாளில் எழுதினோம். பெருமையாக எழுதினார்கள், தாள் போதாமல் இரண்டாவது தாள் ஒட்டினேன். பிறகு நிற அட்டைகளைக் கொடுத்தேன். பச்சை என்றால் சம்மதம், மஞ்சள் என்றால் யோசனை, சிவப்பு என்றால் வேண்டாம். மூன்று மாடிக் கட்டடம் என்று சொல்லி நிறுத்தினேன்.

வந்திருந்தது இருபத்திரண்டு பேர், இருபத்திரண்டு பச்சை எழும்பியது. எனக்குப் போன் பண்ணிய மூன்று பேரும் பச்சை. அதில் ரஞ்சியும் ஒருத்தி. அவள் அட்டையை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்திருந்தாள்.

தலைவர் அண்ணை திரும்பி எல்லாருக்கும் கைகூப்பினார். நான் மூலையைப் பார்த்தேன். வழிகாட்டி எழுதிக்கொண்டிருந்தாள். என் பரீட்சை அந்த இடத்தில் முடிந்துவிட்டது என்றுதான் நினைத்தேன்.

பிள்ளைகளே, இங்கே கொஞ்சம் நில்லுங்கள். ஒரு குழு முழுக்கப் பொய்யாகத் தலையாட்டுவதை நீங்களும் ஒருநாள் பார்ப்பீர்கள். எனக்குள் இருந்த பழைய விற்பனைக்காரி சட்டைக் கையை மடித்துக்கொண்டு எழும்பினாள். ஐந்து நிமிடம் தந்தால் இவர்களை நான் திருப்பிவிடுவேன், எனக்கு அது தெரியும். ஆனால் டச்சுக்காரரின் முகம் நினைவுக்கு வந்தது. “தேத்தண்ணி குடிப்பம்” என்று சொன்னேன். அந்த நேரத்தில் எனக்கு வேறு எதுவும் வரவில்லை.

தேத்தண்ணியோடு எல்லாரும் கார் பார்க்குக்குப் போனார்கள். எங்கள் சங்கத்தில் கூட்டம் உள்ளே நடக்கும், பேச்சு கார் பார்க்கில் நடக்கும். இது எனக்கு முப்பது வருடமாகத் தெரியும். ஆனால் பயிற்றுநராக வேலை செய்யும்போது அதை மறந்தே போனேன். நான் கோப்பை கழுவ நின்ற குசினியின் யன்னல் திறந்திருந்தது.

“மூண்டு மாடியோ? ஆர் ஏறுறது?”

“லிப்டும் வருதாம். பழுதாப் போனா கொழும்பில இருந்துதான் ஆள் வரோணும்.”

“அப்ப நீங்கள் ஏன் பச்சையத் தூக்கினீங்கள்?”

“நீங்கள் தூக்கினீங்கள், நானும் தூக்கினன்.”

கடைசியாக ரஞ்சியின் குரல் கேட்டது. “அந்த மனுசன்ர தகப்பன்ர பேர். முகத்துக்கு நேர எப்பிடிச் சிவப்பு காட்டுறது? எனக்கு ஏலாது.”

வெளியே ஓடிப்போய், இதையே உள்ளே வந்து சொல்லுங்கள் என்று இழுத்துவரலாம். அல்லது உள்ளே போய்த் தலைவர் அண்ணையிடம் கேட்டதைச் சொல்லலாம். இரண்டில் எதைச் செய்தாலும் யாராவது ஒருவர் அவமானப்படவேண்டும். ரஞ்சி சொன்னது பயத்தில் சொன்னதல்ல, மரியாதையில் சொன்னது. நான் தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டுக் கழுவிய கோப்பைகளையே திரும்பக் கழுவினேன். தண்ணீர் வீணாகிறது என்று வழிகாட்டி எழுதிவைப்பாளே என்று நினைத்துப் பிறகு பூட்டினேன்.

மண்டபத்துக்குள் தலைவர் அண்ணையும் வழிகாட்டியும் மட்டும் இருந்தார்கள். அவர் கட்டட வரைபடத்தை மேசையில் விரித்து, தகப்பனாரின் பெயர் வரும் வளைவைக் காட்டிக்கொண்டிருந்தார். அவள் ரோல்ஸைக் கடித்தபடியே கேட்டாள்: “அழகாக இருக்கிறது. அங்கே எத்தனை பிள்ளைகள் படிக்கிறார்கள்?”

“எங்கள் காலத்தில் எண்ணூறு பேர்” என்று ஆங்கிலத்தில் பெருமையாகச் சொன்னார்.

“இப்போது?”

அவர் என்னைப் பார்த்தார். “தங்கச்சி, இப்ப எத்தினை பிள்ளையள்?”

எனக்கும் தெரியாது. லிப்ட் எந்த மூலையில் வரும் என்பது வரைக்கும் தெரிந்த எங்களில் ஒருவருக்கும் அது தெரியாது. “அதிபரிட்டயே கேப்பம்” என்று தலைவர் அண்ணை போனை எடுத்து, ஸ்பீக்கரில் போட்டு மேசையில் வைத்தார். ஊரில் அப்போது பின்னேரம். போன் மணி அடிக்கிற சத்தம் கேட்டு, கார் பார்க்கில் இருந்தவர்களும் ஒவ்வொருவராக உள்ளே வந்து சுற்றிவர நின்றார்கள்.

“தொண்ணூற்றியொரு பிள்ளையள் ஐயா” என்றார் அதிபர்.

யாரோ இருமினார்கள். தலைவர் அண்ணை விடவில்லை. “நாங்கள் மூண்டு மாடியில கட்டித் தந்தா உங்களுக்கு வசதியா இருக்குமோ?”

“நீங்கள் எது தந்தாலும் எங்களுக்குச் சந்தோசம் ஐயா.”

அந்தக் குரலைக் கேட்டதும் எனக்கு விளங்கிவிட்டது. அதிபரும் பச்சை அட்டைதான் தூக்குகிறார். அவரிடம் வேண்டுமா வேண்டாமா என்று நூறு தரம் கேட்டாலும் பச்சைதான் வரும். வேறு கேள்வி வேண்டும். மூன்று வாக்குவம் கிளீனர் வைத்திருக்கிறவளுக்கு வேறு என்ன கேள்வி வரும்?

“சேர், முந்தித் தந்த கட்டிடங்களை ஆர் கூட்டுறது?” என்று கேட்டேன்.

அதிபர் சொன்னார். “பிள்ளையள்தான் அக்கா. வெள்ளிக்கிழமை கடைசிப் பாடம் கூட்டுற பாடம். வகுப்பு நடக்கிற அறையளெண்டாப் பத்து நிமிசத்தில முடிஞ்சிடும். நீங்கள் தந்த மண்டபம், கணினி அறை, மேல ஆக்களில்லாத வகுப்புகள் எல்லாம் கூட்ட முழுப் பாடமும் சரியாப் போயிடும். மூண்டு மாடியெண்டா வியாழக்கிழமையும் ஒரு பாடம் எடுக்கவேண்டி வரும். அதொண்டும் பிரச்சினையில்லை ஐயா. எடுப்பம்.”

அதிபர் நன்றி சொல்லிப் போனை வைத்தார். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

என் கை தன்பாட்டில் பைக்குள் போய்ப் பேனாவை எடுத்துவிட்டது. விற்பனையில் இந்தக் கணத்துக்காகத்தான் ஆட்கள் மாதக்கணக்கில் காத்திருப்பார்கள். “அப்ப கட்டிடம் வேண்டாம், சரிதானே?” என்று மெதுவாகக் கேட்டுவிட்டுத் தாளை நகர்த்தினால் போதும், இருபத்திரண்டு கையெழுத்தும் விழும். பரீட்சையும் தேறிவிடும். தலைவர் அண்ணை மட்டும் பதினொரு வருடத் தலைமைக்குப் பிறகு, தகப்பன் பெயரை ஒரு பட்டறையில் தோற்ற மனுசனாக லூயிஷாம் ஸ்டேஷனுக்கு நடந்து போவார்.

பேனாவைப் பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்தேன். அந்த ஜிப் சத்தம் மண்டபம் முழுக்கக் கேட்டது. பிறகு நாற்காலியில் உட்கார்ந்தேன். என் வாழ்க்கையிலேயே கஷ்டப்பட்டுச் செய்த வேலை அதுதான். அவருக்கு ஆறுதலாக ஏதாவது சொல்லவேண்டும் என்று நாக்குத் துடித்தது. அதையும் சொல்லவில்லை.

தலைவர் அண்ணை வரைபடத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். வளைவில் இருந்த பெயரை விரலால் ஒருதரம் தடவினார். பிறகு யாரையும் பார்க்காமல் கேட்டார்.

“அப்பான்ர பேரைச் சொல்லிப் பிள்ளையள் தும்புத்தடி பிடிச்சுக் கூட்டுறதோ?”

அவர் வரைபடத்தைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, தேத்தண்ணிக் கோப்பை ஒன்றை எடுத்து, கார் பார்க்குக்குப் போனார். பதினொரு வருடத்தில் அவர் அங்கே போய் நான் கண்டதில்லை. முதலில் ரஞ்சி பின்னால் போனாள். பிறகு எல்லாரும் போனார்கள்.

“நீங்கள் போகவில்லையா?” என்று வழிகாட்டி கேட்டாள். அங்கே எனக்கு வேலை இல்லை என்றேன். அவள் தன் தட்டைக் கழுவப் போனாள். நான் குசினி யன்னலைச் சாத்தினேன்.

அரை மணி நேரத்துக்குப் பிறகு திரும்பி வந்தார்கள். கட்டடம் இல்லை, கூட்டித் துப்புரவாக்க ஊரிலேயே ஓர் ஆளைச் சம்பளத்துக்கு வைப்பது என்று முடிவு. முதலில் யார் அதைச் சொன்னது என்று எனக்கு இன்றுவரை தெரியாது. ஒருவரும் பச்சை அட்டை தூக்கவில்லை. மேசையில் கிடந்த அட்டைகளை ரஞ்சி மிச்ச வடைக்கு அடியில் எண்ணெய் உறிஞ்ச வைத்திருந்தாள்.

வழிகாட்டியின் அறிக்கை ஒரு பக்கம். முற்பகல் நான் நடத்தியதெல்லாம் அதிகப் பேச்சு என்று எழுதியிருந்தாள். கடைசி வரியில், பைக்கு ஜிப் போட்டபோது இவர் பயிற்றுநரானார் என்று இருந்தது. தேறிவிட்டேன். நமது வலையமைப்பு தாளை வீணாக்குவதில்லை என்பதால் சான்றிதழ் தரவில்லை. அந்த வருடச் சங்க விருந்துபசாரத்தில் தலைவர் அண்ணை பொன்னாடை போர்த்தி, அதற்குப் பதிலாக ஒரு கேடயம் தந்தார். என் இடுப்பு உயரம். அது இப்போது கராஜில், வாக்குவம் கிளீனர்களுக்குப் பக்கத்தில் நிற்கிறது.

சில மாதம் கழித்து டூட்டிங்கில் மரக்கறி வாங்கிக்கொண்டு நின்றபோது தலைவர் அண்ணை பின்னால் வந்து கூப்பிட்டார். “தங்கச்சி, இதை ஒருக்காப் பார்.” போனில் ஒரு படம். அதிபர் அனுப்பிய புது நேரசூசி, பாடங்களின் அட்டவணை. வெள்ளிக்கிழமை கடைசிக் கட்டத்தில், கூட்டுற பாடம் இருந்த இடத்தில், பேனாவால் எழுதியிருந்தது: குமாரசாமி மாஸ்டர் பாடம். அந்தப் பாடத்தில் புத்தகம் இல்லையாம். பிள்ளைகள் விளையாடலாம், கணக்குப் புதிர் போடலாம், சும்மாவும் இருக்கலாம்.

“ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அப்பான்ர பேரைப் பிள்ளையள் பாத்துக்கொண்டு இருக்குங்கள், எப்ப வரும் எண்டு” என்றார். அவருக்குக் கண் கலங்கியிருந்தது. முப்பத்தெட்டுப் புள்ளிக்காரியான எனக்கும் கலங்கிற்று. கத்தரிக்காய்க்கு முன்னால் இரண்டு பேரும் மூக்கை உறிஞ்சிக்கொண்டு நின்றோம்.

பிறகு அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு கிட்ட வந்து, குரலைத் தாழ்த்தினார்.

“எதிர்ப் பள்ளிக்கூடத்துக்காரர் கேள்விப்பட்டிட்டாங்கள். அவங்கள் ரெண்டு பாடம் குடுக்கப் போறாங்களாம். நாங்கள் மூண்டு குடுப்பமோ?”

என் ஒரு கையில் சாமான் பட்டியல் இருந்தது, மற்றக் கையில் பேனா. பேனாவைப் பைக்குள் போட்டேன். ஜிப்பை இழுத்தேன். அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.